ஏரிக்கரையில் மூன்று பெட்டிகள்

29 செப்டம்பர் 2025, திங்கள்

ஹாலந்திலிருந்து பெட்டிகள் வந்துவிட்டன. மூன்று வரவேண்டும், வந்தது இரண்டு. மூன்றாவதைக் கஸ்டம்ஸில் நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். உளவுக் கருவி என்று நினைத்திருப்பார்கள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஒன்றுமில்லை, சத்தத்தைப் பதிவு செய்கிற பெட்டி. ஆலைகளின் விளக்கும் இரைச்சலும் பக்கத்தில் வாழும் தவளை, பூச்சி, பறவைகளை என்ன பாடு படுத்துகின்றன என்று ஹாலந்து, பிரேசில், நம் ஒரகடம் மூன்று இடத்திலும் ஒரே மாதிரிப் பெட்டியை வைத்துக் கேட்கப்போகிறோம். இங்கே நானும் மெர்சியும். பதிவு சரியில்லாத இடத்தை ஜனவரிக் கூட்டத்தில் ஆய்விலிருந்து எடுத்துவிடுவோம் என்று ஹாலந்துத் தலைவி அன்னெகா முன்கூட்டியே சொல்லிவிட்டாள். எடுத்துவிட்டால் இந்த ஏரிக்காக யார் பேசுவது? கரையை ஒட்டி ஆலைக்காரர்கள் இன்னொரு ஷெட் போடப்போகிறார்கள், இன்னும் ஃபிளட்லைட்டோடு.

அதே ஆலைதான் பெட்டி வைக்க உடனே சம்மதித்தது. டீயும் பிஸ்கட்டும் வேறு. ஏன்?

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. ஒரகடம் முழுக்கப் பூசணிக்காய் உடைத்து ரோடு வழுக்குகிறது. ஆலைக்குள் ஃபோர்க்லிஃப்ட்டுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். படப்பை திரும்பி அறையில் நானும் பூஜை போட்டேன். ஸ்கூட்டி, லேப்டாப், ஏணி, இரண்டு பெட்டிகள், எல்லாவற்றுக்கும் அம்மா கொடுத்தனுப்பிய சந்தனத்தில் பொட்டு, மேலே குங்குமம், ஆளுக்கொரு சாமந்தி.

"ஹாலந்து மெஷினுக்கு இப்பதான்ப்பா கள வந்துகீது" என்றாள் மெர்சி, பொரியை வாயில் போட்டுக்கொண்டே. சுங்குவார்சத்திரத்துக்காரி. கிறிஸ்தவக் குடும்பம், ஆனால் என் வீட்டுச் சுண்டலில் பாதி அவளுக்குத்தான்.

4 அக்டோபர், சனி

ஏரிக்கரையில் கம்பம் நட்டு இரண்டு பெட்டிகளையும் மாட்டினோம். ஆலையின் பின்கேட் அங்கேதான் திறக்கிறது. வாட்ச்மேன் பெயர் சுடலைக்கண்ணு. திருநெல்வேலிப் பக்கம், ஐம்பது வயதிருக்கும். "நீங்க போங்க மேடம், நான் பாத்துக்கிடுதேன்" என்றார். நான் கேட்கவே இல்லை.

அவர் போட்டிருக்கும் யூனிஃபார்ம் ஆலைக்காக. பார்த்துக்கொள்வது என் பெட்டியையா?

பால்காரன் தண்ணி கலக்கலேன்னாகூட, ஏன் கலக்கலேன்னு கேக்கிறவடி நீ என்று அம்மா சொல்வாள். சொல்லட்டும்.

16 அக்டோபர், வியாழன்

மூன்றாம் பெட்டிக்கு விடுதலை. பின்கேட்டை ஒட்டி, லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே மாட்டினோம்.

7 நவம்பர், வெள்ளி

அன்னெகாவோடு வீடியோ பேச்சு. மானம் போயிற்று.

மூன்றாம் பெட்டி பரவாயில்லையாம். கரையில் இருக்கும் இரண்டிலும் ஒன்றுமே இல்லையாம். வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி காட்டுகிறது. "எல்லா ஊரிலும் ஆலை கத்துகிறது. உங்கள் ஆலை மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு ஓடுகிறதா? மழைக்காலத்தில் தவளையே கத்தாத ஏரி உண்டா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா? நாங்கள் உட்கார்ந்த இடத்தில் எண்களைச் சமைக்கிறோம் என்று நினைக்கிறாள்.

"மைக்கு ரிப்பேராயிருக்கும்ப்பா" என்கிறாள் மெர்சி. இரண்டுமா? ஒரே மாதிரியா? யாரோ மூடுகிறார்கள்.

13 நவம்பர், வியாழன்

பார்த்துவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் கரைக்குப் போனேன். முதல் கம்பத்தடியில் சுடலைக்கண்ணு நின்றுகொண்டிருந்தார். கையில் அரிசிச் சாக்கு. என்னைக் கண்டதும் மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"என்ன சாக்கு?"

"மழ வந்துச்சுன்னா மேடம்…"

வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

19 நவம்பர், புதன்

பிடித்துவிட்டேன்! மூன்றாம் பெட்டியின் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தேன். லாரி வந்து நிற்கிற சத்தம். அப்புறம் அவர் குரல், தெளிவாக: "ஏ தம்பி, ஹாரன் அடிக்காத. வண்டிய ஆஃப் பண்ணு. மேடம் பெட்டி வச்சிருக்காவல்லா, எல்லாம் அதுல ஏறும்."

எல்லாம் அதுல ஏறுமாம். ஏறக்கூடாது என்றுதானே வைத்திருக்கிறார்கள் உங்களை! டீக்கும் பிஸ்கட்டுக்கும் இப்போதுதான் அர்த்தம் புரிகிறது.

மெர்சி இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இன்னாத்துக்கு சொன்னாரோ. அவராண்ட ஒரு வார்த்த கேளேன்ப்பா."

கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரா? இவள் ஏன் இவ்வளவு பரிந்து பேசுகிறாள்?

21 நவம்பர், வெள்ளி

வாட்ச்மேன்களை அனுப்பும் ஏஜென்சிக்கு மெயில் போட்டேன். சாக்கு, குரல் பதிவு, எல்லாவற்றையும் எழுதி. அன்னெகாவுக்கும் ஒரு நகல்.

24 நவம்பர், திங்கள்

ஆளை மாற்றிவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரமா? குற்றமுள்ள நெஞ்சு இல்லாமல் இப்படி ஓடுவார்களா? புதியவர் நாற்காலியை விட்டு எழுவதே இல்லை, போனில் கிரிக்கெட். ரொம்ப நல்லது. இனிமேல் தவளை கத்தும்.

9 டிசம்பர், செவ்வாய்

கத்தவில்லை.

அந்த இரண்டு பெட்டிகளும் அப்படியேதான் இருக்கின்றன. புது ஆளுக்குப் பெட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பின்னே யார்? மேனேஜரா? மீன் பிடிக்க வருகிறவர்களா? பெட்டிச் சாவி மெர்சியிடமும் ஒன்று இருக்கிறதே. மெர்சியா?

சீ. என்ன எழுதிக்கொண்டிருக்கிறேன் நான்.

10 டிசம்பர், புதன்

இதை எப்படி எழுதுவது?

காலையில் இரண்டு பெட்டிகளையும் கழற்றி அறைக்குக் கொண்டுவந்தோம். மெர்சி முன்பக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு, "செந்தாமர, இங்க வா" என்றாள்.

பெட்டியின் முகத்தில் மேல்பக்கம் நடுவில் சின்ன வட்டம் ஒன்று உண்டு. உள்ளே மைக் இருப்பது அதற்குப் பின்னால்தான். நெற்றி மாதிரி இருக்கும். அந்த வட்டம் முழுக்கச் சந்தனம். குங்குமம் உதிர்ந்துபோய், சந்தனம் மட்டும் காரை மாதிரி காய்ந்து இறுகியிருக்கிறது. மேலே தகரக் கூரை இருப்பதால் மழையும் தொடவில்லை. இன்னொரு பெட்டியிலும் அதே இடம். அதே கட்டைவிரல்.

என் கட்டைவிரல்.

மூன்றாம் பெட்டி பூஜைக்கு அப்புறம் வந்தது. அதற்குப் பொட்டு இல்லை. அதனால்தான் அது கேட்டது.

வாரா வாரம் ஏணி போட்டுக் கீழ்ப்பக்கம் திறந்து மெமரி கார்டு மாற்றியிருக்கிறேன். ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. பொட்டு வைத்த மெஷின் என்ன அதிசயம் இந்த ஊரில்? லேத்துக்குப் பொட்டு, லாரிக்குப் பொட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு. இருப்பதே தெரியாது.

மெர்சி ஈரத்துணியால் சுரண்டினாள். கைதட்டிப் பதிவு செய்து பார்த்தோம். சுத்தமாகக் கேட்டது. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நான் அழுதேன்.

12 டிசம்பர், வெள்ளி

ஏஜென்சியில் கெஞ்சி இடம் தெரிந்துகொண்டேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கோடவுன் கேட். வெயிலில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டு முகம் மலர்ந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"வாங்க மேடம். பெட்டியெல்லாம் நல்லா இருக்கா?"

சந்தனத்தைச் சொன்னேன். தலையாட்டினார். "நாந் தெனம் ஸ்டூல் போட்டுத் தொடைப்பேன் மேடம், ரோட்டுத் தூசி அப்பிக்கிடும்லா. பொட்ட மட்டும் தொடல. நீங்க பூச பண்ணி வச்சது, நாம எப்பிடி அழிக்க?"

சாக்கு மழைக்குத்தானாம், தலையில் கவிழ்த்துக்கொள்ள. ஐப்பசி மழை சொல்லிக்கொண்டா வரும் என்று ஷிஃப்ட் தொடங்கும்போதே கையில் எடுத்துக்கொள்வாராம். ஹாரன்? "தவளச் சத்தத்தத்தான பிடிக்கிய. ஹாரன் அடிச்சா கெட்டுப்போகும்லா."

ஹாரன் சத்தமும்தான் வேண்டும் என்றேன். அதைத்தான் அளக்கிறோம் என்றேன். "அப்படியா" என்று சங்கடமாகச் சிரித்தார். "யாரும் சொல்லலியே."

யாரும் சொல்லவில்லை. மூன்று நாட்டுக்காரர்களுக்கு விளக்கினேன். பக்கத்தில் நின்ற மனுஷனுக்குச் சொல்லவில்லை.

ஷிஃப்ட் மாற்றம் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. மெயில் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வண்டி வந்தது. நம்பர் பார்த்து உள்ளே விட்டார். திரும்பி வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா யம்மா."

18 டிசம்பர், வியாழன்

ஏஜென்சிக்கு எழுதினேன்: தவறு முழுக்க என்னுடையது, அவரை அதே இடத்துக்கு அனுப்புங்கள். அன்னெகாவுக்கும் எழுதினேன். அவள் உடனே கூப்பிட்டாள். மெஷினுக்கு எதற்குப் பொட்டு என்று புரியவைக்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

23 ஜனவரி 2026, வெள்ளி

கூட்டம் முடிந்தது. பொட்டு வைத்திருந்த நாட்களின் பதிவைத் தள்ளிவிட்டார்கள். ஏரி ஆய்வில் இருக்கிறது. ஷெட் விஷயமாக நம் அளவுகளைக் கேட்டு மாவட்ட அதிகாரிகளும் எழுதியிருக்கிறார்கள். மெர்சி கேக் வாங்கி வந்தாள்.

சுடலைக்கண்ணு பொங்கல் முடிந்து பின்கேட்டுக்கே வந்துவிட்டார். "வணக்கம் மேடம்" என்றார். நாற்காலியைக் கேட்டுக்கு உள்பக்கம் போட்டிருக்கிறார். டீ வாங்கிப் போனேன். வாங்கிக்கொண்டார். கரைக்கு வாங்களேன் அண்ணே என்றேன். "வேண்டாம் மேடம், பெட்டில கை பட்டுடும்" என்றார்.

மூன்று பெட்டிகளின் பதிவையும் இன்று கேட்டேன். பிரஸ் மெஷின் இடிக்கிறது. லாரிக்காரர்கள் ஹாரனை ஆசைதீர அடிக்கிறார்கள். அதற்கு நடுவில் தவளை, விட்டு விட்டு. எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருக்கிறது. "ஏ தம்பி" என்று ஒரு தடவையாவது வருகிறதா என்று கடைசிவரை கேட்டேன். இல்லை.

பெட்டிகளின் மேல் தூசி அப்பியிருந்தது. துப்பட்டாவால் நானே துடைத்துவிட்டு வந்தேன்.