வீட்டுத் தயிர் கூடாது

ஜூன் 9
காலையிலிருந்தே மழை. துணி எதுவும் காயவில்லை. மகள் அபிஷாவின் தலையணையில் இன்றும் முடி. அவள் விழிக்குமுன் உதறிவிட்டேன்.

ரத்தப் புற்றுக்கு மருந்து ஏற்றி நேற்றுதான் வீட்டுக்கு விட்டார்கள். தண்ணீர் கொதிக்க வைத்தது மட்டும். சோறு சுடச்சுட. வீட்டுத் தயிர், மோர், பழங்கஞ்சி எதுவும் கூடாது. தயிரில் இருப்பது நல்ல கிருமிதானே என்று கேட்டேன். டாக்டர் மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார்: நமக்கு நல்லது, இவள் உடம்பில் இப்போது அதை அடக்கி வைக்கக்கூடத் தெம்பில்லை.

வாயெல்லாம் புண். கஞ்சி இறங்கவில்லை. "அம்மா, மோரு தா. அது எரியாது." ஆறு வயது. இல்லை என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 11
பேதி. எலும்பாகிவிட்டாள். அம்பூரியிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா செலின் மைனி வந்தாள், தூக்குவாளி நிறையத் தயிரோடு.

"எனக்க பிள்ளியள தயிரும் பழங்கஞ்சியும் குடுத்தாக்கும் வளத்தேன். ஒரு சீக்கு உண்டா?"

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்காவ மைனி."

"பட்டினி போட்டா நோய் மாறுமா?"

இவர், ஜெஸ்டின், வெளியே தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனில் தேடினேன். குழந்தையின் வயிற்றுக்குத் தயிர், எதிர்ப்புச் சக்திக்குத் தயிர். என் பிள்ளையைப் போன்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மைனி சொல்வதுதான் சரியோ? கர்த்தாவே, யாரை நம்புவது.

ஜூன் 12
உதியன்குளங்கரை மருந்துக்கடைக்குப் போய் வந்தேன். அபிஷா எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் வெள்ளை. "மாமி மோரு தந்தா."

மைனி என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிள்ள கெஞ்சிச்சு. கொஞ்சம் போலத்தான் குடுத்தேன்."

நான் கத்தவில்லை. பிள்ளையின் வாயைத் துடைத்தேன், துடைத்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் அவள் நெற்றி சுட்டது. கை கால் நடுக்கம். ஆட்டோவில் திருவனந்தபுரம். நெய்யாற்றின்கரை நெரிசலில் வண்டி நகரவில்லை. மைனி மடியில் பிள்ளை. "எலே, ஹாரன் அடி," என்று தம்பியிடம் சொன்னாள்.

ஜூன் 13
ஆஸ்பத்திரி. ரத்தத்தில் கிருமி. ஊசி மருந்து ஏறுகிறது. மோரால்தானா? "உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த நிலையில் தானாகவும் வரும்," என்றார் டாக்டர். இது ஆறுதலா, இன்னொரு பயமா? வராந்தாவில் மைனி. சாப்பிடவில்லை. "மக்கா, எனக்கிட்ட ஒரு வாக்கு பேசு." முடியவில்லை.

ஜூன் 15
காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரத்த அணுக்கள் ஏறவில்லை. இன்னும் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். இவர் வண்டி ஓட்டப் போய்விட்டார். உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது. மைனி பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "நான் ஊருக்குப் போறேன்."

"போவண்டாம். குளிச்சிட்டு வாறேன். அவள பாத்துக்கிடுங்க."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். மைனி குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள், முழங்கை வரை. துடைத்தாள். பிள்ளையின் பக்கம் ஒரு அடி வைத்தவள் நின்றாள். திரும்பிப் போய் மறுபடி கழுவினாள்.