திருடிய கேமராவை இயக்க என்னிடமே விளக்கம் கேட்கும் நபர் குறித்து

அனுப்புநர்:
‘பூட்டு’ ஸ்டுடியோக்காரர்,
செருப்புக் கடைக்கு மேல்மாடி,
கடைவீதி.

பெறுநர்:
காவல் ஆய்வாளர் அவர்கள்,
கடைவீதிக் காவல் நிலையம்.

பொருள்: களவு போன கேமராவையும், அதைவிட முக்கியமாக அதிலிருந்த மெமரி கார்டையும் மீட்டுத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு மாதங்களுக்கு முன் தாங்கள் எங்கள் புகைப்படக்காரர்கள் சங்கக் கூட்டத்துக்கு வந்து, கருவிகளைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி என்று முக்கால் மணி நேரம் பேசியது நினைவிருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் டீ வருகிறதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்கள் சொன்னதை ஒரு வரி விடாமல் செய்தேன். கேமராப் பையின் நான்கு ஜிப்புக்கும் நான்கு பூட்டு. பையைக் கட்டிப்போட ஒரு சங்கிலி. சங்கிலிக்கு ஐந்தாவது பூட்டு. வீட்டில் இரும்பு பீரோவைக் கேமராவுக்கு ஒதுக்கியதால் என் மனைவியின் நகைகள் சமையலறை டப்பாவுக்குக் குடிபெயர்ந்தன. அன்றிலிருந்துதான் கடைவீதியில் எனக்கு மேற்படி பட்டப்பெயர்.

2. ஒவ்வொரு கருவியிலும் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும் என்பது தாங்கள் கடைசியாகச் சொன்ன அறிவுரை. தனியாக ஸ்டிக்கர் அச்சடிக்கச் சோம்பல்பட்டு, ஆல்பங்களின் பின்னட்டையில் ஒட்டுவதற்காக வைத்திருந்த ஸ்டிக்கரையே கேமராவின் அடியில் ஒட்டினேன். அதில் என் எண்ணுக்கு மேலே, ‘படம் சம்பந்தமான எந்த உதவிக்கும் தயங்காமல் அழையுங்கள்’ என்று இருக்கும். இது என் தவறு. இந்த மனுவின் மீதிக் கதை முழுவதும் இதிலிருந்து வந்ததே.

3. சென்ற மாதம் இரண்டாம் ஞாயிறன்று ஒரு திருமணத்தில் படமெடுத்துவிட்டு, பையைப் பூட்டி, சாப்பாட்டு மேசையின் காலில் சங்கிலியால் கட்டிவிட்டுச் சாப்பிட்டேன். கை கழுவப் போய் வந்தது இரண்டே நிமிடம். மேசையைச் சற்றே தூக்கினால் காலின் அடிவழியாகச் சங்கிலி கழன்றுவிடும் என்பது தங்கள் உரையிலும் வரவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஐந்து சாவிகளும் இன்றுவரை என் இடுப்பில் பத்திரமாக உள்ளன.

4. அன்று எடுத்த படங்கள் அனைத்தும் கேமராவுக்குள் இருந்த ஒரே கார்டில் இருந்தன. நிரம்பிய கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது எங்கள் தொழில் வழக்கம். சட்டைப்பைக்குப் பூட்டு கிடையாது என்பதால் நான் அந்த வழக்கத்தைக் கைவிட்டுப் பெரிய கார்டாக ஒன்றே வாங்கியிருந்தேன். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் காவல் காப்பது சுலபம் என்று எண்ணினேன். தூக்கிக்கொண்டு போவதும் சுலபம் என்று பிறகு தெரிந்தது.

5. திருட்டு நடந்த மூன்றாம் நாள் காலை ஒரு அழைப்பு. மரியாதையான குரல். “சார், ஸ்டிக்கர் பாத்தேன். படமெல்லாம் ஒரே இருட்டா வருதே, என்ன பண்ணலாம்?” எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டு, ஜன்னலுக்கு எதிரே நின்று எடுக்காதீர்கள் என்று சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு கெஞ்சினேன். “ஒரே ஒரு மாசம் மட்டும் சார்” என்று அவர் கேட்டுக்கொண்டார். இதுவரை பதினொரு அழைப்புகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் போனிலிருந்து. திரும்ப அழைத்தால் ஒரு முறை சலூன், ஒரு முறை பார்சல் ஆபீஸ். ஐந்தாவது அழைப்பிலிருந்து நான் ‘மாஸ்டர்’ ஆகிவிட்டேன்.

6. திருடனுக்கு ஏன் பாடம் நடத்தினாய் என்று தாங்கள் கேட்பீர்கள். நான் போனை வைத்துவிட்டால், தெரியாததையெல்லாம் அவர் அமுக்கிப் பார்ப்பார். ஒரு பொத்தான் தவறினாலும் கார்டில் உள்ள திருமணம் அழிந்துவிடும். குப்பைத்தொட்டிப் படம் போட்ட பொத்தான் எதற்கு என்று நாலாவது அழைப்பில் கேட்டார். அதைத் தொட்டால் கேமரா புகைந்துவிடும் என்றேன். தொழில் விஷயத்தில் என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய் இது, பதிவு செய்துகொள்ளவும். கார்டு நிறைந்துவிட்டது என்று சொன்னபோது புதிது வாங்கச் சொல்லி, பழையதை ஈரம் படாமல் வைக்கச் சொன்னேன். தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பதாக மறுநாள் தகவல் சொன்னார். என்னிடம் தொழில் பழகிய பையன்கள் யாரும் சொன்ன பேச்சை இவ்வளவு கேட்டதில்லை.

7. இதையெல்லாம் தங்கள் நிலையத்தின் எழுத்தரிடம் மூன்று முறை நேரில் சொன்னேன். முதல் முறை பொறுமையாகக் கேட்டார். இரண்டாம் முறை பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். மூன்றாம் முறை, “ரெண்டு பேரும் நல்லாத்தானே பேசிக்கிறீங்க? நடுவுல நாங்க எதுக்கு?” என்றார். அன்னார் மீது எனக்கு மனவருத்தம் இல்லை. என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள். எனக்குப் போன் வந்தால், “உங்க ஆள்தான், எடுங்க” என்கிறாள்.

8. ஆனால் மணப்பெண்ணால் அப்படிச் சிரிக்க முடியவில்லை. தினமும் வேலை முடிந்து போகும் வழியில் மாடியேறி வருகிறாள். சண்டை போட்டாலாவது எனக்கு ஆறுதலாக இருக்கும். “ஏதாவது தெரிஞ்சுதா அண்ணா?” என்று மட்டும் கேட்பாள். ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவளுடைய அக்கா, திருமணத்தன்று யாரும் எதிர்பாராமல் அலங்கார அறைக்குள் வந்து நின்றாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுது, மை கலைந்ததைப் பார்த்து ஒருவரை ஒருவர் கேலி செய்து சிரித்தார்கள். அந்த அறையில் அவர்களையும் என்னையும் தவிர யாரும் இல்லை. அக்கா அன்று மாலையே விமானம் ஏறிவிட்டாள். “மத்த எதுவும் வேணாம் அண்ணா, அந்த ஒரு படம் போதும்” என்று இந்தப் பெண் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. முப்பது வருடத் தொழிலில் நான் யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

9. நேற்று வந்தது பதினொன்றாவது அழைப்பு. வரும் ஞாயிறு ரயில் நிலையத்துக்குப் பின்புறமுள்ள மண்டபத்தில் ஒரு திருமணத்துக்குப் படமெடுக்க ஒப்புக்கொண்டுவிட்டாராம். குடும்பப் படத்தில் நாற்பது பேர் நிற்பார்கள், எந்த லென்ஸ் போடுவது என்று கேட்டார். உயரமானவர்களைப் பின்னால் நிறுத்து, ஒன்றுக்கு மூன்றாக எடு, யாராவது ஒருவர் கட்டாயம் கண்ணை மூடியிருப்பார் என்று சொன்னேன். வைப்பதற்கு முன், “நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் மாஸ்டர்” என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

ஆகவே, ஞாயிறன்று மேற்படி மண்டபத்துக்குச் சீருடை இல்லாத காவலர் இருவரை அனுப்பி, அந்நபரைப் பிடிக்குமாறு வேண்டுகிறேன். அடையாளம் காட்ட நான் உடன் வருகிறேன். கழுத்தில் தொங்குவது என் கேமரா. அதை எந்தக் கூட்டத்திலும் கண்டுகொள்வேன். குடும்பப் படம் எடுத்து முடிக்கும்வரை மட்டும் காவலர்கள் பொறுத்திருக்க வேண்டும். அங்கே வேறு கேமரா இருக்காது. அந்த வீட்டார் யாருக்கும் ஒரு குற்றமும் செய்யவில்லை. பிடித்த பிறகு, கேமராவுக்கு முத்திரை வைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் என்னிடம் கொடுத்தால், மீதிப் படங்களைச் சம்பளமில்லாமல் எடுத்து முடித்துவிட்டு நானே நிலையத்தில் ஒப்படைப்பேன்.

அந்நபரைச் சோதனையிடும்போது சட்டைப்பையில் உள்ள தீப்பெட்டியைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம் என்று காவலர்களிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பவும். ஒருவேளை அவர் கேமராவை ஒரு பக்கம் வீசிவிட்டு இன்னொரு பக்கம் ஓடினால், கேமராவின் பின்னால் யாரும் போக வேண்டாம். அது உடைந்தால் உடையட்டும். அவரைத் துரத்திப் பிடித்து, அந்தத் தீப்பெட்டியை மட்டும் என் கையில் கொடுங்கள்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: ஸ்டுடியோ, மேல்மாடி

தங்கள் அறிவுரைகளைக் கடைப்பிடித்து வரும்,
(கையொப்பம்)
‘பூட்டு’ ஸ்டுடியோக்காரர்