தலைகள் அசைந்த இடம்

மார்ச் 4

நடந்து நடந்தே அறையின் தரை தேய்ந்துவிட்டது. இன்னும் நாலு சுற்று போனால் கீழ்வீட்டுக்காரர் தலையில் விழுவேன். எல்லாம் அக்கா மகள் சிட்டுவால். அவள் இயக்கிய முதல் படம்; படத்தொகுப்பு, அண்டசராசரம் போற்றும் அடியேன். இரண்டாம் பாதி இழுக்கிறது, வெட்டிக் கொண்டுவந்தால்தான் வாங்குவேன் என்று விநியோகஸ்தர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை திரையிடல். அவர் கைவிரித்தால் படம் பெட்டிக்குள் உறங்கும். சிட்டு மறுபடி விளம்பரத்துக்குச் சோப்பு நுரையை இயக்கப் போவாள்.

மார்ச் 5

வெட்டினேன். நாயகி பேருந்தில் ஏறுவதை வெட்டினேன், இறங்குவதை வெட்டினேன், ஆளை மட்டும் ஊர் கொண்டுசேர்த்தேன். பெய்துகொண்டிருந்த மழையை நிறுத்தினேன். வானிலை மையமே எழுந்து நின்று கும்பிட வேண்டிய அதிகாரம்!

ஒரு காட்சியை மட்டும் தொடவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டை விற்க நாயகி வருகிறாள். தரகர் வீட்டின் பெருமையைப் பேசுகிறார். தரகர் யார்? வேறு யார், நான்தான். நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல்; வேடிக்கை பார்க்கப் போன என்னை நிறுத்திவிட்டார்கள். எழுதியிருந்தது நாலு வரி. பேசியது நாலு நிமிடம். கேமராவே மூக்கை உறிஞ்சியதாகக் கேள்வி.

சிட்டு பின்னால் வந்து நின்றாள். "மாமா, அந்தத் தரகர் சீன்?"

"அது படத்தோட முதுகெலும்புடி."

"முதுகெலும்பு இவ்வளவா பேசும்?"

வாயாடி. அப்படியே அக்கா.

மார்ச் 6

ஒன்றும் ஓடவில்லை. இரண்டு தடவை பல் தேய்த்தேன்.

மார்ச் 7

என் வழி தனி வழி. திரையிடலில் நான் திரையைப் பார்ப்பதில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, பார்க்க வந்தவர்களின் தலைகளைப் பார்ப்பேன். அசையாதவரை படம் ஓடுகிறது. அசைந்தால், அந்த இடத்தில் கத்தரி. இந்தச் சட்டத்தைச் சொல்லி எத்தனை இயக்குநர்களை அழவைத்திருப்பேன்!

என் காட்சி வந்தது. முதலில் ஒரு தலை சாய்ந்தது. நாற்காலி சரியில்லை போலிருக்கிறது. இன்னும் இரண்டு. ஏசி ஜாஸ்தி. ஒருவர் எழுந்து வெளியே போனார். மனிதப் பிறவிக்கு அவசரம் வராதா? அப்புறம் மூன்றாம் வரிசையில் ஒரு முகத்தில் செல்போன் வெளிச்சம். யாரடா அந்தக் கலைத் துரோகி என்று எட்டிப் பார்த்தேன்.

என் மனைவி.

விநியோகஸ்தர் கிளம்பும்போது சொன்னார்: "தரகரா வர்றவர் யாருங்க? நல்லாத்தான் பேசுறார். எப்ப நிறுத்துவார்னுதான் தெரியல." செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை பார்ப்பாராம். அதுதான் கடைசி.

சிட்டு என்னை முறைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "நீகூடவா?" என்றேன்.

"இதே பேச்சை வீட்டுல தினம் கேக்கறேங்க. அங்கயும் வந்து கேக்கணுமா?"

மார்ச் 8

அப்படி என்ன பேசிட்டேன் நான்? ஊருல எவனும் பேசாததையா? வேற ஒருத்தன் நடிச்சிருந்தா அந்த சீனை வெச்சிருப்பேனா?

— மாட்டேன். முதல் நாளே தூக்கியிருப்பேன்.

போனேன். வெட்டினேன். வேரோடு.

மார்ச் 9

சிட்டு பார்த்தாள். இந்தத் தியாகத்தைக் கண்டு காலில் விழுவாள் என்று காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"ஏன் மாமா மொத்தமா தூக்கிட்டீங்க?"

"நீதானே முறைச்சே!"

"குறைக்கத்தான் முறைச்சேன். விக்க வந்தவ அடுத்த சீன்லயே 'விக்கல'ங்கறா. மனசு எங்க மாறுச்சு?"

கத்தரி பிடிக்கத் தெரியாதவன் செய்யும் தப்பு. காட்சியைப் பார்த்து வெட்டாமல், என்மேல் இருந்த கோபத்தில் வெட்டியிருக்கிறேன்.

தூக்கி எறிந்ததை அவளே எடுத்து ஓடவிட்டாள். பேச்சு, பேச்சு, பேச்சு. திடீரென்று அமைதி. நாயகி சுவரில் அப்பா படம் மாட்டியிருந்த வெறும் ஆணியைத் தொட்டுப் பார்க்கிறாள். தரகர் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அடுத்து என்ன அளப்பது என்று தெரியாமல் நான் விழித்த இடம் அது. நடிப்பே இல்லை.

"இது போதும் மாமா."

"அதுல நான் பேசவே இல்லையேடி!"

"அதான்."

ஒட்டினேன். இரண்டு பேரும் மறுபடி பார்த்தோம். நாயகியின் மனம் மாறுவது தெரிந்தது. எனக்குத்தான் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. தூசி. அந்த அறையைக் கூட்டி ஒரு யுகம் ஆகிறது.

மார்ச் 11

தலைகள் அசையவில்லை. விநியோகஸ்தர் வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 18

படம் வெளியானது. 'நான் இல்லாவிட்டால் படமே இல்லை' என்று நான் முழங்கி வைத்ததை நம்பி உறவுக்கூட்டம் ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டது. கீழே விழுந்த கண்ணாடியைச் சித்தப்பா குனிந்து தேடிய நேரத்தில் நான் வந்து போயாயிற்று. "எப்படா வருவே?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா மட்டும், "பேசாத படத்துலயாடா நடிச்சே?" என்றாள்.

நான் வழக்கம்போலப் பின்னால் நின்றேன். ஆணியில் விரல் பட்டது. தரகர் வாயை மூடினார். அரங்கம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு தலைதான் அசைந்தது. முன்னால் இருந்த உயரக்காரர் மறைத்திருக்க வேண்டும். என் மனைவி இருக்கையிலிருந்து பாதி எழுந்து, கழுத்தை நீட்டி, எட்டிப் பார்த்தாள்.