தொண்ணூறு என்று போட்ட பனியன்

திருப்பூர்
12.2.1993

மதிப்பிற்குரிய அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அம்மாவிடம் சொல்லுங்கள்.

தோளில் ஏறவில்லை என்று நீங்கள் திருப்பி அனுப்பிய பனியன் கிடைத்தது. ரேடியோவில் கேட்டதாக நீங்கள் எழுதியபடி, பில்லோடு காதர்பேட்டைக் கடைக்குப் போனேன். மாற்றித் தராவிட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றும் சொன்னேன். கடைக்காரர் கோபப்படவில்லை. "லேபிள்ல தொண்ணூறுன்னுதானுங்க இருக்குது. தெச்ச கம்பெனியத்தான் நீங்க கேக்கோணும்" என்றார்.

வாங்கும்போது நம்பரை மட்டும் பார்த்தவன், அப்போதுதான் லேபிளை உற்றுப் பார்த்தேன். இரு முனையிலும் இரட்டைத் தையல். எங்கள் கம்பெனியில் நான் மட்டும்தான் அப்படித் தைப்பேன். எண்பத்தைந்து சைஸ் பீஸில் தொண்ணூறு லேபிள் வைக்கச் சொல்வார் மாஸ்டர். அதை யார் போடப்போகிறார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். புகார் எழுதினால், லேபிள் தைத்தவன் என்று என் பெயரையும் எழுத வேண்டும்.

உங்கள் மார்பை நூலால் அளந்து, அந்த நூலைக் கவரில் வைத்து அனுப்புங்கள். அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். டீ நேரம் முடிந்துவிட்டது. மெஷினில் இன்றைக்கும் அதே லேபிள்தான் இருக்கிறது.

மகன்
சுடலைமுத்து