நீ அழுத்தாத காலைகள்

எனக்குக் காய்ச்சல் என்று யாரிடமும் சொல்லவில்லை. கடையில் அப்பாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மாடியில் போய்ப் படுத்தவள்தான். இன்று காலை கொஞ்சம் தேறி, கஞ்சியைக் குடித்துக்கொண்டே மடிக்கணினியைத் திறந்தால் ஒரு மின்னஞ்சல் காத்திருக்கிறது. “இரண்டு நாட்களாகப் புதிய பக்கங்கள் ஏறவில்லையே, உடம்பு சரியில்லையா? நன்றாக ஓய்வெடுங்கள். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு இந்தப் பாரமே இருக்காது.” எழுதியது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம நல்லவர்தான். கஞ்சியை ஓரமாக வைத்துவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தால் எனக்குப் புத்தி தெளியும் போலிருக்கிறது. வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே கைபேசியில் போடவும் நிறுத்தவும் ஒரு சின்னப் பெட்டி. வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் கடைக்குப் பம்புசெட் சாமான் வாங்க வந்தவர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு நாம் இருவரும் தொடங்கிய வேலை. பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று இணையத்தில் பொதுவாக வைத்தோம். எங்கெங்கோ இருந்து முகம் தெரியாதவர்கள் சேர்ந்தார்கள். மென்பொருள் என் பாடு. அதைப் பெட்டியில் எப்படி ஏற்றுவது, எந்த ஒயரை எங்கே மாட்டுவது என்று சொல்லும் கையேடு உன் பாடு. யாராவது ஒரு வரியை மாற்றினால் போதும், கையேட்டின் பக்கங்கள் எல்லாம் தானாகவே புதிதாகக் கட்டப்பட்டு, தானாகவே சோதிக்கப்பட்டு, பச்சை டிக் விழும். அப்படிச் செய்து வைத்தவள் நீ. கடைசி அடியை மட்டும் நீ தானியங்கியிடம் விடவில்லை. கட்டி முடிந்த பக்கத்தை உன் கண்ணால் படித்து, பொத்தானை நீ அழுத்தினால்தான் அது இணையத்தில் ஏறும்.

இதற்காக உன்னை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! நாம் இருவரும் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கைபேசியை மூக்குக்கு நேரே பிடித்து, அந்தப் பக்கங்களில் உள்ள ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய்.

“எல்லாம் தானா நடக்குது. இது ஒன்னு மட்டும் இன்னாத்துக்கு டி கையால?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பச்ச டிக்கு, பேஜ் ஒடையலன்னு தான் சொல்லும். சரியா இருக்குதுன்னு சொல்லாது. எங்க அருள் அந்தப் பெட்டிக்குள்ள கைய வுடறான். நான் பாக்காம எப்டி டி குடுப்பேன்?”

“ஆமா, பெரிய கலெக்டரு கையெழுத்து.”

“சும்மா கெட.”

அருள் உன் தம்பி. நம் பெட்டியை முதன்முதலில் ஒதியம்பட்டில் தன் வயலில் மாட்டிக்கொண்டவன். அவன் கை வைக்கும் இடத்தைத்தான் நீ கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாய். அது எனக்கு அப்போதே புரிந்தது, இருந்தாலும் உன்னைச் சீண்டாமல் எனக்குப் பஸ் பயணம் போகாது.

பிறகுதான் அந்த மனிதர் வந்தார். ஊர் சொல்லவில்லை, படம் போடவில்லை. பெயர் மட்டும் இளமாறன். கேட்ட வேலையைச் செய்வார், கேட்காததையும் செய்வார். யாருக்காவது பிள்ளை பிறந்தால் முதல் வாழ்த்து அவருடையது. உன் கையேட்டை நான்கு வாக்கியங்களில் புகழ்ந்துவிட்டு ஐந்தாவதில் சாவியைக் கேட்பார். பொத்தானை அழுத்தும் உரிமையைத்தான் நாம் சாவி என்போம். நீயும் சளைக்காமல் நன்றி சொல்லி மறுப்பாய். “இவ்ளோ நல்லவரா ஒருத்தர் இருப்பாராடி?” என்று என்னிடம் கண்ணடிப்பாய். அதிலிருந்து அவருக்கு நமக்குள் அந்தப் பெயர் நிலைத்தது. அன்றைக்கு அது வெறும் சிரிப்புதான்.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்தது ஒரு திங்கட்கிழமை. மூச்சு இரைத்தாலும் வாய் ஓயவில்லை உனக்கு. நான் பார்க்க வந்த அன்று ஆக்சிஜன் குழாயோடு கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. கைபேசியை என்னிடம் நீட்டினாய்.

“படிச்சிப் பாரு. நான் செத்துட்டேனாம் டி.”

நம் குழுவில் எல்லோருக்கும் இளமாறன் எழுதிய இரங்கல் மடல் அது. ஈடு செய்ய முடியாத இழப்பு, அன்னாரின் பணியை நாம் தொடர வேண்டும், கையேட்டின் பொறுப்பை ஏற்க நான் தயார். குற்றம் சொல்ல முடியாத தமிழ். நானும் சிரித்தேன். நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தபோது நீ சிரிப்பதை நிறுத்தியிருந்தாய்.

“நான் ஆஸ்பத்திரில கீறது ஆருக்குடி தெரியும்? வூட்ல இருக்கறவங்களுக்கும் உனக்கும் தான்.”

“அப்பறம் எப்டி?”

“நான் பட்டன் அழுத்தல இல்ல. அதத் தான் பாத்துக்கினே இருந்திருக்கான். தெனம் காலைல நான் இருக்கறேனா இல்லியான்னு அதுல பாத்திருக்கான்.”

இன்னும் உயிரோடு இருந்த உனக்கு ஒருவன் இரங்கல் எழுதிவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருந்தான். யாரோ தவறாகச் சொன்னதாக மறுநாள் மன்னிப்பும் கேட்டான். யார் அந்த யாரோ என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. சாவியை என் பெயருக்கு மாற்றிவிட்டு நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். “ஆரு கேட்டாலும் குடுக்காத. எவ்ளோ நல்லவனா இருந்தாலும் குடுக்காத.” அந்த வாரமே மாதா கோயிலில் உனக்காகத் துக்க மணி அடித்தது. இந்த முறை அவனுடைய மடல் கொஞ்சம் தாமதமாகவே வந்தது.

அன்றிலிருந்து இந்தக் காலை வேலை என்னுடையது. குழுவில் முணுமுணுப்பு வளர்ந்துவிட்டது. ஒரே ஆள் கையில் ஏன் இருக்க வேண்டும், இளமாறன் எவ்வளவு உழைக்கிறார், நீங்கள் சந்தேகப்பட ஆதாரம் என்ன என்கிறார்கள். சாவியை அவருக்குக் கொடுப்பதா என்று வரும் சனிக்கிழமை வாக்கெடுப்பு. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. சாவியை விடாமல் வைத்திருந்தாள் என்று செத்தவளுக்குப் பொறாமைப் பட்டம் கட்டுகிறார்கள், உயிரோடு இருப்பவளுக்குக் கிறுக்குப் பட்டம். நீ இருந்திருந்தால் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாய்.

இன்று அந்த மின்னஞ்சலை மூடிவிட்டு, காத்திருந்த பக்கங்களைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் பச்சை டிக். பக்கங்களைக் கட்டும் நிரல் பழசாகிவிட்டது என்று இளமாறன் அதைச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார், மற்றவர்களும் பார்த்துச் சரி என்றிருந்தார்கள். வரி வரியாகப் படித்தேன். ஒரு சொல் மாறவில்லை. பிறகு உன்னைப் போலவே இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டேன். “மென்பொருளை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள்” என்ற இடத்தைத் தொட்டதும் நம்முடையது அல்லாத வேறு ஒரு இடம் திறந்தது. பக்கமாகக் கட்டப்படுவதற்கு முன் நாம் எழுதி வைத்த மூலத்தில் போய்ப் பார்த்தால் சரியான முகவரிதான் இருக்கிறது. அவர் சுத்தம் செய்த நிரல் பக்கத்தைக் கட்டும்போது மட்டும் அது மாறிவிடுகிறது. மூலத்தைப் பார்த்தவர்கள் யார் கண்ணிலும் அது பட்டிருக்காது.

நான் அழுத்தியிருந்தால், இனி நம் கையேட்டைப் பார்த்து ஏற்றுகிற ஒவ்வொருவர் பெட்டிக்குள்ளும் அவனுடைய மென்பொருள் போயிருக்கும். பாகூரில், நெட்டப்பாக்கத்தில், நமக்கு ஊர்கூடத் தெரியாத இடங்களில். மோட்டார் நின்றிருக்கிறது என்று நம்பி ஒருவர் ஈரக்காலோடு பெட்டிக்குள் கையை விடும் நேரத்தில், எங்கோ உட்கார்ந்து அதைப் போட அவனால் முடியும். ஏன் போட வேண்டும் என்று கேட்கிறாயா? தெரியவில்லை டி. அவனுக்கு என்னதான் வேண்டும் என்பது தெரியாததுதான் எனக்குப் பெரிய பயம்.

அந்த மாற்றத்தைத் தள்ளிவிட்டு, குழுவுக்கு விவரமாக எழுதினேன். அவனிடமிருந்து உடனே பதில் வந்தது. சோதனைக்காக வைத்தது, எடுக்க மறந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று. அதைப் படித்துக் குழுவில் இரண்டு பேர் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்! எனக்கு மட்டும் தனியாக இன்னொரு வரி வந்தது. “உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.”

உடனே அருளுக்குப் போன் செய்தேன்.

“டேய், பெட்டில புதுசா எதனா ஏத்தினியா?”

“இன்னும் இல்லக்கா. நேத்து ஒருத்தர் போன் பண்ணாரு. எங்க அக்காவோட ஃபிரண்டாம். அவ்ளோ மரியாதையா பேசினாருக்கா. புதுசு வந்துகீது, லிங்க் அனுப்பறேன், போட்டுக்குங்கன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“அதெல்லாம் வாணாங்க, எங்க அக்கா பேஜ்ல வந்தா தான் போடுவேன்னேன். அதுல வந்துட்டா கண்ண மூடிக்கினு போட்டுடுவேன்னும் சொன்னேன். சிரிச்சிட்டு, சரி, அதுலயே வரும்னு வெச்சிட்டாரு.”

அவனைத் திட்ட வாய் வரவில்லை. யார் சொன்னாலும் எதையும் போடாதே, என்னைக் கேட்டுச் செய் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் தம்பி உன் பக்கத்தை மட்டும்தான் நம்புகிறான். அதைத் தன் வாயாலேயே அந்த ஆளிடம் சொல்லியும் விட்டான். சனிக்கிழமை யார் எப்படி வாக்களித்தாலும் சாவியை நான் தரப்போவதில்லை. ஆனால் அருளின் கைக்கும் அந்த மனிதருக்கும் நடுவே இப்போது இருப்பது நான் ஒருத்திதான், அதுவும் அவருக்குத் தெரியும்.