ஏகமனதாக என்று நான் எழுதிய சொல்லை நீக்கக் கோருதல்

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 117,
முன்னாள் கூட்டக் குறிப்பாளர் (கட்சியில் "மினிட்ஸ் அக்கா" என்று கேட்டால் தெரியும்),
கீழ் வீடு, பேருந்துப் பணிமனைக்குப் பின் தெரு.

பெறுநர்:
அரசியல் கட்சிகள் பதிவு அலுவலர் அவர்கள்,
தேர்தல் அலுவலகம், மூன்றாம் தளம்.

பொருள்: எங்கள் கட்சியின் புதிய தலைவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகப் பதிவாகியிருப்பது – ஒரு கை எதிராக உயர்ந்தது – அந்தக் கை என்னுடையது – திருத்தம் வேண்டுவது தொடர்பாக.

பார்வை: எனது முதல் மனு, தாங்கள் அதைத் திருப்பி அனுப்பிய கடிதம், எனது இரண்டாம் மனு, அதையும் திருப்பி அனுப்பிய கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது என் மூன்றாவது மனு. முதல் மனுவில் தலைவர் தேர்வையே ரத்து செய்யும்படி கேட்டிருந்தேன். இரண்டாவதில் இரகசிய வாக்கெடுப்பு நடத்த உத்தரவிடக் கேட்டிருந்தேன். இதில் ஒரே ஒரு சொல்லை மாற்றித் தரும்படி கேட்கிறேன். மனுவுக்கு மனு நான் கேட்பது சிறுத்துக்கொண்டே வருவதைத் தாங்களும் கவனித்திருக்கலாம். இதைவிடக் குறைத்துக் கேட்க என்னிடம் ஒன்றும் இல்லை.

2. செயற்குழுக் கூட்டங்களுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் குறிப்பு எழுதியவள் நான். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. கட்சியில் ஒரு பழக்கம் உண்டு. அதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கூட்டம் நாளைக்கு என்றால் குறிப்பை இன்று மதியமே எழுதி முடித்துவிடுவோம். யார் முன்மொழிவார், யார் வழிமொழிவார், யார் இருமிக்கொண்டே நன்றி சொல்வார் என்பதெல்லாம் முன்பே தெரியும். கூட்டம் முடிந்ததும் ஆளாளுக்குக் கிளம்பிவிடுவதால், கையெழுத்துக்காக வாசல் வரை ஓட வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தைத் தவிர்க்க இந்த யோசனையைச் சொன்னவளே நான்தான். அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். குறிப்பின் கடைசி வரி எப்போதும் ஒன்றே: "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

3. சென்ற தேர்தலில் எங்கள் கட்சி இருபத்து நான்கு வட்டங்களில் நின்று இருபத்து நான்கிலும் மண்ணைக் கவ்வியது. ஒன்றில்கூட இரண்டாம் இடம் வரவில்லை. என் தெருச் சாவடியில் கிடைத்தவை பதினோரு வாக்குகள். அவற்றில் ஐந்து எங்கள் வீட்டு வாக்குகள். கட்சியைத் தொடங்கிய பெரியவர் தோல்விக்குப் பொறுப்பேற்று விலகினார். அந்தத் தேர்தல் வேலை முழுவதையும் கையில் வைத்திருந்தவர் அவருடைய மாப்பிள்ளை. கட்சிக்காரர்கள் அனைவருக்கும் அவர் மாப்பிள்ளைதான். எங்கள் தெருவில் வண்டியை நிறுத்தாமலே வாக்குக் கேட்டு, நிறுத்தாமலே நன்றியும் சொல்லிவிட்டுப் போனவர். அவர் எதற்கும் பொறுப்பேற்கவில்லை.

4. என் அண்ணன் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். நாங்கள் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருக்கிறோம். தோற்ற மறுவாரம் அவர் கீழே இறங்கி வந்து, ஏன் நமக்குப் போடவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்போம் என்றார். முப்பது வருடக் கட்சி வாழ்வில் நான் கேட்ட முதல் புத்தியுள்ள பேச்சு அது. நாற்பத்து மூன்று வீடுகளுக்குப் போனோம். அண்ணன் கேட்பார், நான் எழுதுவேன். அவர் வேலையில் இருந்தபோது மிஞ்சிய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில், வீட்டுக்கு ஒரு தாளாக எழுதினேன். சிலர் கதவைத் திறக்கவில்லை; அதையும் அவரவர் தாளில் எழுதினேன். சிலர் திறந்துவிட்டு மூடவே இல்லை. அவ்வளவு இருந்தது சொல்வதற்கு. எதிர் வீட்டுத் தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதினேன்: "ஓட்டுக் கேக்க எல்லாரும் வருவாங்க. ஏன் போடலன்னு கேக்க இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல. எழுதிக்கோ. ஆனா அத யாராவது படிக்கணும்." படிப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அண்ணனும் கொடுத்தார்.

5. தலைவர் பதவிக்கு மாப்பிள்ளையை எதிர்த்து அண்ணன் நிற்பதென்று முடிவானது. ஜெயிப்போம் என்ற எண்ணம் எங்களுக்கு இல்லை. நின்றால் அந்தத் தாள்களைக் கூட்டத்தில் படிக்க நேரம் கொடுப்பார்கள் என்ற ஒரே ஆசைதான். கூட்டத்துக்கு முந்தின நாள், தலைமை வகிக்கவிருந்த மூத்த துணைத் தலைவர் (இவரை நாங்கள் வக்கீல் என்போம்) போட்டி இருப்பதால் மூன்று இடங்களை மட்டும் காலியாக விட்டுக் குறிப்பை எழுதிவிடும்படி சொன்னார். தலைவர் பெயர், முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர். அப்படியே விட்டேன். கடைசி வரியிலும் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். கை பாட்டுக்கு ஏகமனதாக என்று எழுதிவிட்டது. பழக்க தோஷம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

6. கூட்டம் காலை பதினோரு மணிக்குக் கட்சி அலுவலக மாடியில் நடந்தது. முப்பத்தொரு பேர் வந்திருந்தோம். அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரிக்கக்கூட ஆள் இல்லாமல் வந்தவர்களே பிரித்துப் போட்டுக்கொண்டோம். சுவரில் பழைய தேர்தல் தட்டி இன்னும் தொங்கியது. நாற்பத்து மூன்று தாள்களையும் மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் அண்ணன் எழுந்தார். எழுந்து, மாப்பிள்ளையின் பெயரைத் தலைவர் பதவிக்கு முன்மொழிந்தார். தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. துணைப் பொதுச் செயலாளர் பதவி அண்ணனுக்கு என்பது அன்று காலையிலேயே பேசி முடித்த விஷயம் என்று பிறகு தெரிந்தது. முப்பது வருடம் சுவரொட்டி ஒட்டியவருக்குக் கட்சி கொடுத்த முதல் நாற்காலி அது. அவருடைய ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அவர்மேல் கோபமில்லை என்று இங்கே எழுதினால், அது நான் எழுதும் இன்னொரு பொய்க் குறிப்பாகிவிடும்.

7. ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் வக்கீல். கைகளை எண்ணுவது என் வேலை. எண்ணினேன். முப்பது. பிறகு, விதிப்படி கேட்க வேண்டுமே என்பதற்காக, குனிந்து எதையோ படித்துக்கொண்டே எதிர்ப்பு யாராவது உண்டா என்றார். நான் கையைத் தூக்கினேன். அந்தக் கையில் பேனா இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, பேனா எழுதலையா?" என்று கேட்டுத் தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீட்டினார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் கைதட்டல் தொடங்கிவிட்டது. பூங்கொத்து வந்துவிட்டது. எனக்கு நேர் எதிரே முன்வரிசையில் இருந்தவர் என் அண்ணன். என் உயர்ந்த கையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அவ்வளவு நேரம் அவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

8. அடுத்து நடந்ததற்கு நானே முழுப் பொறுப்பு. வக்கீல் குறிப்பேட்டை என் முன் திருப்பி வைத்து, எழுதிவிடம்மா, பத்திரிகைக்காரர்கள் கீழே நிற்கிறார்கள் என்றார். மூன்று காலி இடங்களையும் நிரப்பினேன். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் அண்ணனின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே ஏகமனதாக என்று இருந்தது. அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டேன். ஒரு கோடு கிழித்து அடித்திருக்கலாம். இரண்டு பேனாக்கள் கையில் இருந்தன. எதிர்த்தவளும் நான்தான், எதிர்ப்பே இல்லை என்று சான்றளித்தவளும் நான்தான். இருபத்திரண்டு வருடம் முன்பே முடிவு செய்துவிட்ட கூட்டங்களுக்கே கையெழுத்துப் போட்டுப் பழகியதில், அன்று நடந்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்தலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கிறவள் அந்தப் பக்கத்துக்கு ஒரு நகலும் எடுத்து வைக்கவில்லை.

9. மறுநாள் பத்திரிகையில் ஏகமனதாகத் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. தையல்காரம்மா அதை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். "எங்க பேச்ச எழுதிட்டுப் போயி, அங்க நீயும் சரின்னுதான் கையெழுத்துப் போட்டியா?" நான் எதிர்த்தேன் என்றேன். காட்டு என்றார். என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. அவர் வீட்டுக்குப் போய் மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டார். இப்போது நான் தெருவில் நடந்தால் நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களுக்கும் உள்ளே ஏதோ வேலை வந்துவிடுகிறது.

10. தங்கள் முதல் கடிதத்தில், பதிவில் திருத்தம் வேண்டுமானால் பதவியில் உள்ள கூட்டக் குறிப்பாளர் சான்றளித்து விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரிவித்திருந்தீர்கள். அக்கடிதம் வந்து நான்கு நாட்களில் என்னைக் குறிப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அதுவும் ஏகமனதாகத்தான். அந்தக் கூட்டத்துக்கு என்னை அழைக்கவில்லை என்பதால், கட்சி வரலாற்றில் அந்த ஒரு தீர்மானம் மட்டும் உண்மையாகவே ஏகமனதானது என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கடிதத்தில், எதிர்ப்பை நேரில் கண்ட ஒருவராவது எழுத்துமூலம் தெரிவித்தால் பரிசீலிக்கலாம் என்றிருந்தது. முப்பது பேரையும் பார்த்தேன். பாதிப் பேர் பேனா கேட்டதாகத்தான் நினைத்தோம் என்றார்கள். மீதிப் பேர் இனி இதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றும் ஆகப்போவதில்லை.

11. கடைசியாக அண்ணனுக்கு முறைப்படி கடிதம் எழுதினேன். கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்துப் பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். கட்சியின் கடிதத் தாளில், புதிய பதவியின் முத்திரையோடு எழுதியிருந்தார்: மேற்படி நேரத்தில் கண்ணாடி அணிந்திராத காரணத்தால் எவரும் கை உயர்த்தியதைக் காண இயலவில்லை. இரண்டு நகல் வேண்டும் என்றார். எடுத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, மூலம் தங்களுக்கு. இயந்திரத்தின் வெளிச்சம் இரண்டு முறை அந்தத் தாளின் அடியில் போய் வந்தது. நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். படி இறங்கியவர் திரும்பி, "தனியா எதுக்கும்மா கையத் தூக்கின?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. ஐயா, நான் கை தூக்கியதை நேரில் கண்ட சாட்சி அந்தக் கேள்விதான். அதற்கு என்னால் நகல் எடுக்க முடியவில்லை. அவருடைய கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அது எனக்கு எதிரானது என்பது தெரிந்தே இணைத்திருக்கிறேன்.

12. இந்தக் கட்சி இனி எழுந்து நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. புதிய தலைவர் பழைய தட்டியில் முகத்தை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார். அதை மாற்றித் தரும்படி தங்களைக் கேட்கவில்லை. தங்களிடமுள்ள அந்தப் பக்கத்தில் ஏகமனதாக என்ற சொல்லை அடித்து, ஒருவர் எதிர்த்தார் என்று எழுத ஆணையிட வேண்டுகிறேன். எதிர்த்தவர் பெயர்கூட வேண்டாம். அதற்கு விதி இடம் தராவிட்டால், இந்த மனுவை அந்தப் பக்கத்தின் பின்னால் ஒரு குண்டூசியால் குத்தி வைக்கவும். அதற்கும் இடமில்லை என்றால், வழக்கம்போல் இதைத் திருப்பி அனுப்பும்போது, நாற்பத்து மூன்று தாள்களின் மேல் "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பினால் போதும். முன்னிரண்டு தடவையும் அவை பொருளுக்குத் தொடர்பில்லாதவை என்ற குறிப்போடு கட்டுப் பிரிக்காமலே திரும்பி வந்தன. அந்த ஒரு வார்த்தையை நாற்பத்து மூன்று நகல் எடுத்து நானே வீடு வீடாகக் கொடுத்துவிடுவேன். அதற்குப் பின் தங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

பதிலைக் கீழ் வீட்டுக்கு என்று குறிப்பிட்டு அனுப்பக் கோருகிறேன். கதவு எண் ஒன்றே என்பதால் தபால்காரர் மேலே கொடுத்துவிடக்கூடும்.

இணைப்பு: டிரிப் ஷீட் பின்பக்கக் குறிப்புகளின் நகல், 43 (மூன்றாம் முறை). துணைப் பொதுச் செயலாளரின் கடிதம், 1. வக்கீல் அவர்களின் பேனா, 1. அன்று திருப்பிக் கொடுக்க விட்டுப்போனது, தங்கள் மூலம் அவரிடம் சேர்ப்பிக்கவும்.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பு மேசை
நாள்: கூட்டம் நடந்ததிலிருந்து எழுபத்து நான்காம் நாள், வியாழன்

அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் எழுதிய அதே கையால்,

(ஒப்பம்)
உறுப்பினர் எண் 117