சுவரில் இருந்தவர்

2025 ஆகஸ்ட் 7, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து ரம்யாவும் என்னோடு பாவா தர்காவுக்கு வந்தாள். கும்மிடிப்பூண்டியில் எங்கள் பேக்கிங் செக்‌ஷனுக்குப் புதிதாக வந்திருப்பவள், ஆர்.கே.பேட்டைக்காரி. ஏரியையே இன்றைக்குத்தான் பார்க்கிறாளாம். வியாழக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். சூலூர்பேட்டை, நெல்லூரிலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தார்கள். பெண்கள் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. ரம்யா அடக்கிக்கொண்டு நெளிந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை பேர் வரும் இடத்தில் ஒரு கக்கூஸ் கட்டத் துப்பில்லையா என்று வாய்விட்டே திட்டினேன்.

ஏரிப் பக்கத்துச் சுவரில் வழக்கம்போலக் கையை வைத்து நின்றேன். "இன்னாக்கா, சுவரெல்லாம் கொப்புளமா கீது?" என்றாள். சொன்னேன். தண்ணீருக்குப் போய்த் திரும்பாதவர்கள், உடம்பும் கிடைக்காதவர்கள். அவர்கள் வலையிலிருந்து ஓர் ஈயக்குண்டை எடுத்து வைத்திருப்போம். சந்தனக்கூட்டுக்கு முன்னால் தர்காவுக்குச் சுண்ணாம்பு பூசும்போது ஈரச் சுவரில் அதைப் பதித்துவிடுவோம். நாங்களும் பதிப்போம், பாய்மாரும் பதிப்பார்கள். வருஷா வருஷம் அதன்மேல் சுண்ணாம்பு ஏறும். ஆள் திரும்பி வந்தால் அவனே தன் குண்டைப் பிடுங்க வேண்டும். வேறு யாரும் பிடுங்கக் கூடாது.

"உங்க வூட்டுக்காரரு எங்க கீறாருக்கா?"

ஜன்னலுக்குக் கீழே, ஓதம் ஏறிய கறைக்குப் பக்கத்தில். காட்டினேன். அவள் தொடவில்லை. கையைக் கூப்பினாள். நல்ல பெண்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அத்தை பூ வாங்கி வைத்திருந்தாள். எந்த வெள்ளிக்கிழமையும் தவறியதில்லை. இறால் விற்ற காசில் தனக்கு வெற்றிலை வாங்க மறந்தாலும் எனக்குப் பூ வாங்க மறக்க மாட்டாள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அத்தை காரியம் செய்ய விடவில்லை, என் பொட்டை எடுக்க விடவில்லை. யாராவது வாயைத் திறந்தால், "வரதன் வர்ல?" என்பாள். அதோடு பேச்சு முடிந்தது.

வரதன் பர்மா பக்கம் கரையேறி, ஜெயிலில் கிடந்து, வீட்டில் அழுது ஓய்ந்தபிறகு வந்தவர். உளி வைத்துத் தன் குண்டைத் தானே பெயர்த்து எடுத்ததை ஊரே நின்று பார்த்தது.

எனக்கு என்ன தோன்றுகிறது? பூ வைத்துக்கொள்ளும்போது சில நாள் நம்புகிறேன். சில நாள் பிடுங்கி எறியத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

தர்காவை இடித்துக் கட்டப்போகிறார்கள்.

முற்றத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார் கமிட்டிச் செயலாளர் கவுஸ் பாய். பாவா அடங்கிய அறை மட்டும் அப்படியே இருக்குமாம். சுற்றிலும் கிரானைட், மேலே ஏசி ஹால், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, வெளியூர்க்காரர்கள் தங்க அறைகள். கம்பெனி முதலாளி ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொண்டாராம்.

பூமிகா என்று ஒரு பெண், கட்டடப் படிப்பு படித்தவள், சென்னையிலிருந்து வந்திருந்தாள். இது கிளிஞ்சல் சுண்ணாம்புச் சுவர், பழுது பார்த்தால் இன்னும் பல தலைமுறைக்கு நிற்கும், கழிப்பறையைத் தள்ளிக் கட்டுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். கவுஸ் பாய் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு, "போன மாசம் நெல்லூரு அம்மா மண்டையில கார பேந்து வுழுந்துச்சி. அடுத்த மழைல ஒரு உசுரு போச்சின்னா நீங்க வந்து பதில் சொல்லுவீங்களாம்மா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கக்கூஸ் கேட்டுக் கத்தியவள் நான்தானே.

கடைசியில் வரதன்தான் எழுந்து, "குண்டுங்க இன்னா ஆவும் பாய்?" என்று கேட்டார்.

"என் தம்பி மீரானும் அதே சுவத்துலதான கீறான். ஒரு குண்டுகூட காணாம போவாது. நான் கூடவே நின்னு பாத்துக்கறேன்."

அவர் சொன்னால் செய்வார். அதனால் எல்லோரும் கலைந்தோம்.

செப்டம்பர் 4, வியாழன்

சுற்றிலும் தகரம் அடித்துவிட்டார்கள். இடுக்கு வழியாகக் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுதினால்தான் மனசு அடங்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தெரிந்தது. சுவர் இருந்த இடத்தில் ஏரி தெரிகிறது. தர்காவுக்குள் நின்று ஏரியை முழுசாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு பாழாய்ப் போக.

கவுஸ் பாய் என்னைப் பார்த்ததும் சந்தோஷமாக வந்தார். "வா புவனா, ஒண்ணு காணாம போவல, வந்து பாரு" என்று கூட்டிப்போனார். ஓர் அலுமினிய அன்னக்கூடை. அது நிறைய ஈயக்குண்டுகள், புளி போட்டுத் தேய்த்த பாத்திரம் மாதிரி பளபளவென்று.

ஜேசிபி வைத்தால் எல்லாம் மண்ணோடு போய்விடும் என்று ஆட்களை விட்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னாராம். சுண்ணாம்பு கட்டி கட்டியாக இருந்ததால் ஆசிட்டில் போட்டுக் கழுவச் சொன்னாராம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு! எது எங்கே இருந்தது என்று ஒரு கோடுகூடக் கிழித்து வைக்கவில்லை.

"யாரக் கேட்டு புடுங்குனீங்க பாய்? இதுல எது அவுரு? சொல்லுங்க, எது?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் செத்துப்போய்விட்டது. கூடையைப் பார்த்தார், சுவர் இருந்த வெட்டவெளியைப் பார்த்தார். "தூக்கிப் போட்டுருவானுங்களோன்னு பயந்துக்கினே நின்னேன் புவனா. வேற எதுவும் தோணல" என்றார்.

நான் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். எனக்கு ஒரு தைரியம் இருந்தது. அவர் வீச்சு வலைக்குக் குண்டு கோக்கும்போது பல்லால் கடித்துத்தான் இறுக்குவார். ஈயம் விஷம், குறடு எதற்கு இருக்கிறது என்று எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! சிரித்துக்கொண்டே இன்னொன்றைக் கடிப்பார். அந்தப் பல் தடம் இருக்கும், கண்டுபிடித்துவிடலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

எல்லாக் குண்டிலும் பல் தடம் இருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று வேலைக்குப் போகவில்லை. அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, படித்துறையிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். மத்தியானம் மடவை மீனோடு வந்தாள். அவருக்குப் பிடித்த மீன். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். தட்டு வைத்தாள்.

"அத்த, இன்னா பண்றீங்க?"

"குண்டு வெளிய வந்துச்சின்னா ஆளு வந்துட்டான்னுதான அர்த்தம்?"

"அவுரு புடுங்கல அத்த. ஆளு வெச்சி எடுத்துட்டாங்க."

"எனக்குத் தெரியும்மே. நீ சோத்தப் போடு."

போட்டேன். வாசலில் உட்கார்ந்து படகு வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பார்க்கத் தோன்றியது. வெட்கம் கெட்ட மனசு, நானும்தான் பார்த்தேன். பூக்காரி வந்தபோது அத்தை எப்போதையும்விட ஒரு முழம் அதிகமாக வாங்கினாள். இருட்டும்வரை சோறு ஆறிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 20, சனி

காலையில் சட்டியை அத்தையே கழுவிக் கவிழ்த்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

கூடை முன்னால் தினமும் சண்டையாம். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள் என்கிறார்கள் சிலர். அடுத்த வீட்டுப் பிணத்தை எடுத்துப்போய் நான் அழவா என்று ஒருத்தி கேட்டாளாம். கேட்ட வார்த்தை கொடூரம்தான். ஆனால் சரிதானே? கவுஸ் பாய் சாப்பிடுவதில்லையாம்.

கூட்டத்தன்று என் நம்பரை வாங்கிப் போயிருந்த பூமிகா போன் செய்தாள். சுவரை முழுக்கப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாளாம், அனுப்பட்டுமா என்று கேட்டாள். அனுப்பினாள். ஜன்னல் தெரிகிறது, கறை தெரிகிறது, பக்கத்தில் அந்தக் கொப்புளமும் தெரிகிறது. போனின் கண்ணாடியில் விரலை வைத்தேன். படம் பெரிதாகிக் கலங்கிப்போய்விட்டது.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி லீவு. காலையில், "வா, தர்காவுக்குப் போலாம்" என்றாள் அத்தை. இடித்தபிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

அன்னக்கூடை முன்னால் கவுஸ் பாய் காவல்போல உட்கார்ந்திருந்தார். அத்தையைப் பார்த்ததும் எழுந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் நின்றார் பாவம்.

"கவுசு, இதுல மீரானு எது?"

"தெரியலக்கா." அவ்வளவு பெரிய மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "நானே புடுங்கிட்டங்க்கா. என் தம்பிய நானே புடுங்கிட்டன்."

அத்தை கூடைக்குள் கையை விட்டாள். தேடவில்லை, பார்க்கவில்லை. கைக்கு வந்த இரண்டை எடுத்தாள். ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இது உன் தம்பி. இது என் புள்ள. போய் சோறு துன்னு."

இன்னொன்றைச் சுருக்குப்பையில் போட்டு முடிந்துகொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அப்படிப் பிடிக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அக்டோபர் 3, வெள்ளி

பூ வாங்கி வைத்திருந்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

தர்காவுக்குப் போனேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

2026 ஜனவரி 22, வியாழன்

சந்தனக்கூடு. புது ஹால் திறந்துவிட்டார்கள். குறை சொல்லக் கூடாது, வெயிலில் யாரும் நிற்கவில்லை, கழிப்பறையில் தண்ணீர் வருகிறது, ரம்யா சந்தோஷமாகப் போய்வந்தாள். நானும் போனேன். யாரும் எடுக்காத குண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு உண்டியலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் பேசிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்தது. அவர்களுக்கு என்ன தெரியும்.

இந்த வருஷம் சுண்ணாம்பு பூசவில்லை. கிரானைட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாமே. கவுஸ் பாய் தூணோரம் நின்றிருந்தார், சட்டைப் பையில் கையை விட்டபடியே. பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

தைரியம் வந்து கிரானைட்டில் கையை வைத்துப் பார்த்தேன். ஏசியில் ஜில்லென்று இருந்தது. எடுத்துவிட்டேன்.

ஜனவரி 23, வெள்ளி

சாயங்காலம் பூக்காரி வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தாள். அத்தை உள்ளேதான் இருந்தாள், இறால் உரித்துக்கொண்டு. எழுந்து வரவில்லை. பூக்காரி இரண்டாவது தடவையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

நானும் வாசலுக்குப் போகவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்தேன்.